பாதி ஊசி

கோமுகி அணைத் தண்ணீரை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு சத்தியம் செய்யத் தயார்: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கடுகளவு புளுகு கலந்திருந்தாலும் அந்தத் தண்ணீர் கையிலேயே கொதிக்கட்டும்.

வடக்கனந்தல் சவரியப்பன் தன் வெள்ளைக் குதிரை ராணியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு, கள்ளக்குறிச்சிக்கு வெளியே கரும்புக் காட்டை ஒட்டிய தனியார் கால்நடை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ராணிக்குக் குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைகளைச் சுமந்து அது நடந்தால்தான் சவரியப்பன் வீட்டில் உலை கொதிக்கும். பெண்டாட்டி உபகாரமேரியைவிட ராணியிடம்தான் அவன் அதிகம் பேசுவான் என்பது ஊரறிந்த சங்கதி. உபகாரமேரிக்கும் அதில் பெரிய வருத்தம் இல்லை.

டாக்டர் இசைவாணி கத்தியை எடுக்குமுன் கேட்டார். "முன்னாடி இதுக்கு ஆண்டிபயாடிக் ஊசி ஏதாவது போட்டிருக்கீங்களா?"

"அய்யோ, இல்லீங்க டாக்டரம்மா. பச்சத் தண்ணியும் கொள்ளும்தான்."

பொய். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முன்னால், கண்ணு படாமல் இருக்கக் கருப்புக் கயிறு கட்டுகிற கையோடு, மருந்துக் கடையில் வாங்கிய ஆண்டிபயாடிக் ஊசியும் போட்டுவிடுவான். கூட்டத்தில் எவனாவது தும்மினால் ராணிக்கு ஒட்டக்கூடாதாம். அதையும் முழுசாகப் போடமாட்டான். பாதிதான். மீதி அடுத்த முகூர்த்தத்துக்கு. சாகடிக்காமல் மருந்தின் ருசியை மட்டும் காட்டிவிட்டால் கிருமி என்ன ஆகும் என்று அவன் யோசித்ததே இல்லை.

வயிற்றைத் திறந்து, முறுக்கை எடுத்து, தைத்தாகிவிட்டது. தையல் முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஓரம் சிவந்தது. பிறகு நாற்றம், புளித்துப்போன வெல்லப்பாகு மாதிரி ஒரு தித்திப்பு நாற்றம். பக்கத்துச் சர்க்கரை ஆலைக் காற்று என்றுதான் சவரியப்பன் நினைத்தான்.

இசைவாணி மருந்தை மாற்றினார். அன்று உச்சிப்பொழுதில், ஆஸ்பத்திரி அடங்கிக் கிடந்தபோது, பக்கத்துக் கொட்டடியில் ஏதோ மென்றது.

நறுக். நறுக்.

"பக்கத்துல யாரு குதிரைம்மா?" என்று தரையைக் கூட்டிக்கொண்டிருந்த கமலாவிடம் சவரியப்பன் கேட்டான்.

"இன்னாய்யா, வெயில் தலைக்கேறிடுச்சா? அது காலிக் கொட்டாய். போய்ப் பாத்துக்க."

பார்த்தான். ஒரு துரும்பு வைக்கோல்கூட இல்லை. சிமெண்டுத் தரை காய்ந்து கிடந்தது. காற்று மட்டும் சூடாக, ஈரமாக இருந்தது.

யாரோ முகத்தருகே மூச்சு விடுவதுபோல.

சீழைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். போனில் முடிவைக் கேட்டுவிட்டு வந்த இசைவாணியின் முகம் செத்துப்போயிருந்தது.

"நாங்க குடுத்த எந்த மருந்துக்கும் இந்தக் கிருமி சாவலைங்க. கடைசியா ஒண்ணு இருக்கு. போட்டுப் பாக்குறேன்."

குப்பியைத் திறந்தார்.

பக்கத்தில் மெல்லுவது நின்றது.

ஊசி ராணியின் கழுத்தில் இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் சப்புக்கொட்டுகிற சத்தம். நிதானமாக, ருசித்து. அப்புறம் கால் மாற்றி வைக்கிற குளம்புச் சத்தம். ராணியின் குளம்பைவிடக் கனம். இங்கே ராணிக்கு விலா எலும்பு தெரியத் தெரிய, அங்கே எதுவோ கொழுத்துக்கொண்டிருந்தது.

கமலா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "யோவ், நீ வந்தப்பறம்தான்யா இந்தச் சத்தம். இன்னாத்தக் கூட்டிக்கினு வந்த?"

சவரியப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "பாதி பாதியா ஊசி போட்டேங்க டாக்டரம்மா. முகூர்த்தம் தவறாம. மீதிய எடுத்து வச்சிக்கினு..."

இசைவாணி திட்டவில்லை. குப்பியை மூடி வைத்தார்.

"வருஷக்கணக்கா கிருமிய மருந்துக்குப் பழக்கி விட்டிருக்கீங்க," என்றார் மெதுவாக. "இனிமே காயத்தக் கழுவுறத விட்டா எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

கழுவினார்கள். மறுபடியும் கழுவினார்கள். சவரியப்பன் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லிவிட்டு, தெரியாததையும் முணுமுணுத்தான். ராணி அவன் மடியில் தலையைச் சாய்த்து, அவனையே பார்த்துக்கொண்டு, உச்சி வெயிலில் உயிரை விட்டது.

காலிக் கொட்டடியின் இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

குளம்புச் சத்தம் வெளியே வந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது.

ராணியை ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். கொட்டடிகளை மருந்து ஊற்றித் தேய்த்தார்கள். சவரியப்பன் வெறும் கயிற்றோடு பஸ் ஏறினான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டில் உபகாரமேரி சோற்றைப் போட்டுவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ராணி செத்துப் பூட்சின்னு போன்ல அழுதீங்களே? அங்க கொட்டாயில இன்னாமோ மென்னுக்கினு கீது?"

அவன் எழுந்து பார்க்கவில்லை. கயிறு உரசி உள்ளங்கையில் ஏற்பட்ட கீறலைத்தான் பார்த்தான். ஓரம் சிவந்திருந்தது. மெல்ல, மெல்ல, தித்திப்பாக நாறியது.

சவரியப்பனிடம் எந்தக் காலத்திலும் குதிரை இருந்ததில்லை. கல்யாணங்களுக்கு அவன் வாடகைக்கு விடுவது ஜெனரேட்டர். அள்ளிய கோமுகித் தண்ணீர் என் கையில் லேசாகச் சுடுகிறது.