மூவருக்கும் ஒரே தடுமாற்றம்

"நாளைக்குக் காலையில நீதிபதி விசாரிக்கிறாரு. பதில் சொல்ல முடியலைன்னா என் வேலை போயிடும்." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்.

துப்பறிவாளரான பெண்மணி நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய உதவியாளன் சொந்தக் கொழுந்தன், அவசரக்காரன்.

கிடங்கில் பற்றிய தீயில் காவலாளி இறந்திருந்தார். அங்கே வேலை பார்த்த வெல்டர்தான் தீ வைத்துவிட்டு ஓடினான் என்று மூன்று தொழிலாளிகள் சாட்சி சொன்னார்கள். ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாதபடி தனித்தனியே அழைக்கப்பட்டவர்கள். ஆனால் தட்டச்சுப் பிரதியில் மூவர் பதிலும் ஒன்றே: "வடக்கு வாசல் வழியா ஓடினான்... இல்ல, தெற்கு வாசல்." சுருக்கெழுத்தாளர் ஒருவர் பதிலையே மூவருக்கும் போட்டுவிட்டார் என்று கிடங்கு முதலாளி புகார் கொடுத்திருந்தார்.

அவருடைய சுருக்கெழுத்துக் குறிப்பில் முதல் சாட்சிக்கு மட்டுமே முழுப் பதில். மற்ற இருவருக்கும் வெறும் நெளிகோடு.

"சொன்னதையே திரும்பச் சொன்னா இப்படிக் கோடு இழுப்போம். ஒரு சொல் மாறினாலும் கோட்டை நிறுத்திட்டு எழுதிடுவேன்."

"போச்சு அண்ணி! முதலாளிக்கு இதுவே போதுமே," என்றான் கொழுந்தன்.

துப்பறிவாளரின் விரல் இரண்டாம் சாட்சியின் கோட்டில் நின்றது. அது நடுவில் அறுந்திருந்தது. "இது ஏன்?"

"வடக்கு வாசல்னு சொன்னதும் தண்ணி கேட்டாரு. குடிச்சப்புறம் கோட்டைத் தொடர்ந்தேன்."

மறுநாள் நீதிபதியின் அறையில் முதலாளியும் மூன்று சாட்சிகளும் நின்றார்கள். துப்பறிவாளர் முதலில், இரண்டாம் சாட்சிக்குத் தண்ணீர் கொடுத்த நீதிமன்ற ஊழியரான டவாலியைக் கேட்டார்.

"ஆமாங்க, நான்தான் தம்ளரை நீட்டினேன். குடிச்சு முடிச்சுட்டு, 'இல்ல, தெற்கு வாசல்'னாரு."

துப்பறிவாளர் நீதிபதியிடம் திரும்பினார். "சும்மா பார்த்து எழுதுறவங்களுக்குக் கோட்டை அறுக்க வேண்டிய வேலையே இல்லைங்க ஐயா. இந்தம்மா காதுல விழுந்ததைத்தான் எழுதியிருக்காங்க. அப்படின்னா மூணு பேரும் ஒரே இடத்துல எப்படித் தடுமாறினாங்க? கண்ணால பார்த்தவனுக்கு வாய் தவறலாம். தண்ணி குடிச்சப்புறமும் மறக்காம, அடுத்தவங்க மாதிரியே திருத்துறான்னா, தடுமாற்றத்தையும் சேர்த்து மனப்பாடம் பண்ணியிருக்கான். மூணு பதிலும் ஒண்ணா இருக்கிறதுல மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் முதலாளி பழியை இவங்க மேல போட்டுட்டாரு."

முதலாளி வாய் திறப்பதற்குள் மூன்றாம் சாட்சி உடைந்துவிட்டான்.

"முதலாளிதாங்க சொல்லிக் கொடுத்தாரு! நம்பும்படியா இருக்க ஒரு இடத்துல தப்பாச் சொல்லித் திருத்தச் சொன்னாரு. பழைய ஒயர் புகையுதுன்னு எத்தனையோ தடவை சொன்னோம், கேட்கல. அதுலதான் தீப்பிடிச்சுது. வெல்டர் அன்னைக்கு வரவே இல்லை. செத்த காவலாளி என் சொந்த மாமாங்க... அவருக்காகவாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கணும்."

முதலாளியை வெளியே விடக்கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார்.

தாழ்வாரத்தில் வெல்டரின் மனைவி, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றிருந்தாள். சுருக்கெழுத்தாளர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் அன்னைக்கு அங்க வரவே இல்லைன்னு ஒத்துக்கிட்டாங்கம்மா."

"அதைத்தானேக்கா முதல் நாள்லேருந்து சொல்றேன்," என்றவள், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.