பெயரில்லாத அம்பு

பெயரில்லாத அம்பு திரைக்கு வந்தால் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். திண்டிவனத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் இயங்கிய அந்த இணைய வடிவமைப்பு அலுவலகத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. ஆயினும் மீறியவர் ஒருவர் மட்டுமே.

ஒரே பக்கத்தைப் பலர் சேர்ந்து வரையும்போது ஒவ்வொருவரின் அம்பும் தனக்குரிய நிறத்தில், தன் உடையவரின் பெயரைச் சுமந்தபடி, மற்றவர்களின் திரையிலும் நகரும். முதலாளி கோதண்டபாணிக்கு நீலம், ஃபைசலுக்குப் பச்சை, மலர்விழிக்குச் செம்மஞ்சள். சில மாலைகளில் கூடுதலாக ஒன்று வரும். சாம்பல் நிறம், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பட்டை. அது எதையும் கெடுத்ததில்லை. திருமண மண்டபத்துக்காக வரையும் பக்கத்திலோ, பள்ளிக்கூடத்துக்காக வரையும் பக்கத்திலோ, ஏதேனும் ஒரு முகத்தைச் சுற்றி மெல்ல ஊர்ந்துவிட்டுப் போய்விடும். அதுவரை எல்லோரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார்கள். பிறகு கோதண்டபாணி இருமுவார், வேலை தொடரும்.

முன்பு அங்கு வேலை பார்த்த சவுரிராயன் மட்டும் ஒருநாள், "வாடா மாப்ள, ஓடிப்புடிச்சு ஆடலாமா?" என்று சிரித்துக்கொண்டே அதைத் துரத்தினான். அன்று மாலையே கூட்டேரிப்பட்டுச் சாலையோரம் அவனுடைய பைக், ஸ்டாண்டு போட்டபடி, ஒரு கீறலுமின்றி நின்றிருந்தது. அவனைக் கரும்புக்கொல்லைக்குள் பிணமாகக் கண்டெடுத்தார்கள். அலுவலகத்தில் அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

மலர்விழி பேசாதிருந்ததற்கு அச்சம் மட்டும் காரணமன்று; அவளுக்கு நேரமும் இல்லை. பகலில் அலுவலகம், அதன் இடுக்குகளில் தனக்கென்று பிடித்த சில்லறை வேலைகள், கோட்டக்குப்பத்து டிராவல்ஸ் ஒன்றின் பக்கம், யார் வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவுக்கோ ஒரு மின்னழைப்பிதழ், வீடு திரும்பினால் அஞ்சல்வழி எம்.சி.ஏ. இவ்வளவையும் அவளால் சுமக்க முடிந்ததென்றால் அது வேணியால்தான். வளவனூரில் ஒரே தெருவில் அவளோடு வளர்ந்து, இப்போது விழுப்புரத்தில் கெங்கம்மாள் வீட்டு மாடியறையில் அவளோடு தங்கியிருப்பவள். மலர்விழி தூங்கி விழும்போது முகத்தில் தண்ணீர் தெளித்து, தனக்கு ஒரு சொல்லும் விளங்காத பாடங்களை உரக்க வாசித்துக் காட்டுகிறவள்.

அன்று காலை வேணிக்குக் காய்ச்சல் கொதித்தது.

"லீவு போட்டுடட்டுமாடி?"

"ஏன், எனக்குத் தாலாட்டு பாடப் போறியா? போய் உன் எம்.சி.ஏ. ப்ராஜெக்ட்ட நெட்ல ஏத்திட்டு வா. இல்லன்னா கதவே தொறக்க மாட்டேன்."

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. உரக்கடையின் யூரியா நெடி ஈரத்தில் கனத்துப் படியேறி வந்து, மேசையில் ஆறிக்கொண்டிருந்த அவித்த மல்லாட்டையின் கடலை வாசனையோடு கலந்து, மூடிய அறைக்குள் போக வழியின்றித் தங்கிவிட, தெருவில் கடந்துபோகும் பேருந்துகளின் வெளிச்சம் கண்ணாடிக் கதவில் ஏறி, கூரையில் நீளமாக ஊர்ந்து, கோதண்டபாணியின் தலைக்கு மேலிருந்த மூலையில் வந்து வந்து அணைந்தது. மின்சாரம் போயிருந்தது. பேட்டரியின் ரீங்காரம் மட்டும் தரைக்கடியில் எங்கோ ஒரு வண்டு துளைப்பதைப்போல் கேட்டுக்கொண்டிருந்தது.

மழை விடும்வரை வீணாக்க வேண்டாமென்று மலர்விழி தன் ப்ராஜெக்ட் கோப்பைத் திறந்தாள். அதன் கடவுச்சொல் அவளைத் தவிர வேறொருவருக்கும் தெரியாது.

வெள்ளைத் திரையின் ஓரத்தில் சாம்பல் அம்பு நின்றிருந்தது.

அவள் கைகளை எடுத்தாள். எதிர் மேசையில் ஃபைசல் அதைக் கண்டு, எதுவும் கேளாமல், தன் கைகளையும் எடுத்துக்கொண்டான்.

அம்பு இதுவரை எங்கும் எதையும் வரைந்ததில்லை. இப்போது வரைந்தது, அந்தக் கோப்பைத் திறக்காத மற்ற இருவரின் திரைகளிலும்கூட. முதலில் ஒரு நீண்ட கட்டம். அதன் ஒரு பக்கத்தில், கதவுக்கு விடுவதுபோல், சிறிய இடைவெளி. உள்ளே சுவரோரம் ஒரு கட்டில். அருகில் ஒரு கால் உடைந்து சாய்ந்து நிற்கும் பீரோ. வெளியே, சுருண்டு சுருண்டு இறங்கும் படிக்கட்டு. வீட்டின் வரைபடம் என்பது புரிந்த பிறகும், எந்த வீடு என்பதை ஏற்றுக்கொள்ள அவள் மனம் சற்று நேரம் மறுத்தது. அந்தப் பீரோவின் காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தவளே அவள்தான்.

கட்டிலின் மேல் ஒரு வெள்ளை வட்டம் முளைத்தது.

படிக்கட்டின் அடியில் ஒரு கறுப்பு வட்டம்.

அவள் வேணியை அழைத்தாள். மணி ஒலித்து ஓய்ந்தது. மீண்டும் அழைத்தாள். ஓய்ந்தது. கெங்கம்மாளை அழைத்தாள்.

"கெங்கம்மாக்கா, வேணி போன எடுக்கல. செத்த மேல போயி பாருங்களேன்."

"ஏம்மா, அதான் நீயே வந்துட்டியே? இப்பதான இரும்புப் படில நீ ஏறுன சத்தம் கேட்டுது."

"நான் திண்டிவனத்துல இருக்கேங்க்கா."

மழை இரைச்சல். மறுமுனையில் கெங்கம்மாளின் மூச்சு.

"அப்ப... மேல போய்க்கினு இருக்கறது யாரு?"

இணைப்பு அறுந்தது. திரையில் கறுப்பு வட்டம் ஒரு படி ஏறியிருந்தது. நின்றது. இன்னொரு படி. அவசரமே இல்லை அதற்கு.

அவள் கை மவுஸை நோக்கி நீண்டது.

"மலரு, வேணாம்." ஃபைசல் மேசைக்கு மேல் சாய்ந்தான். "கைய எடு."

"அங்க வேணி தனியா இருக்காண்ணா. எழுந்திரிக்கக்கூட முடியாம கெடக்குறா."

கோதண்டபாணி சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "தொடாதம்மா. தானா போயிடும்."

"எங்க சார் போவும்? சவுரிக்கு இன்னா ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிஞ்சும் செவுத்தையே பாத்துக்கினு இருக்கோம்."

வட்டம் கதவின் இடைவெளிக்கு வந்துவிட்டது.

அவள் மவுஸைப் பற்றினாள். கறுப்பு வட்டத்தின் மேல் தன் பெயர் சுமந்த அம்பை வைத்து, அழுத்தி, இழுத்தாள். வெறும் ஒளிப்புள்ளி அது. ஆனால் நனைந்த நெல்மூட்டையை இழுப்பதுபோல் தோள் வரைக்கும் வலித்தது. கதவை விட்டு, படியை விட்டு, எதுவும் வரையப்படாத வெண்மையின் மறுகோடிக்குக் கொண்டுபோய் விட்டாள்.

கைபேசி ஒலித்தது.

"இன்னாடி, இத்தினி வாட்டி கூப்ட்டுக்கினு கெடக்க?" தூக்கம் கலையாத வேணியின் குரல். "இந்த கெங்கம்மா வேற வந்து கதவ ஒடைக்குது. இங்க ஒரு ஆளும் இல்லடி. ப்ராஜெக்ட்ட ஏத்திட்டியா?"

மலர்விழியின் கண் திரையை விட்டு அகலவில்லை. வெண்மையின் மறுகோடியில், கறுப்பு வட்டத்தைச் சுற்றி, சாம்பல் அம்பு மறுபடியும் வரையத் தொடங்கியிருந்தது. நேரான படிக்கட்டு. கண்ணாடிக் கதவு. எதிரெதிராக மேசைகள்.

கீழே உரக்கடைப் படியில் ஓசை. ஒன்று.

சற்றுப் பொறுத்து, இன்னொன்று.

"மலரு." ஃபைசல் காற்றாகப் பேசினான். "அத திருப்பி அனுப்பு. வந்த எடத்துக்கே. ஜல்தி."

வெறும் வெண்மையில் விட்டால் அது மறுபடி இங்கேதான் வரும்; திரையில் வேறு இடம் ஏதும் இல்லை. வேணியின் அறை மட்டுமே இருந்தது. கட்டிலின் மேல் அந்த வெள்ளை வட்டம் மட்டுமே. கைபேசியில் வேணி, "ஏய், இருக்கியா? மலரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. ஆனால் யூரியா நெடி அறைக்குள் திடீரென்று ஏறியது. திரையில் கறுப்பு வட்டம் ஒரு நாற்காலியின் பின்னால் வந்து நின்றது. கோதண்டபாணி கண்களை இறுக மூடிக்கொண்டார். ஃபைசல் மூடவில்லை. அவன் மலர்விழியின் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வட்டத்தை நகர்த்தவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"யாரு நீ?" என்று கேட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி.

மவுஸின் மேலிருந்த அவள் விரல்களின் மேல், ஒவ்வொன்றாக, ஈரமான விரல்கள் வந்து பொருந்தின.