நாலாவது ஊசி

சந்தேகப்படுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். நாலு படி இறங்கியவள் திரும்ப ஏறி இன்னொரு தரம் இழுப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு அருங்காட்சியகத்தின் பின்கட்டில் வேலை கிடைத்தது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

வேலை இதுதான். மர இழுப்பறைகளில் நூறு வருஷமாகக் கிடக்கும் பூச்சிகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். எந்தப் பூச்சி எந்த இடத்தில் இருந்தது என்று உலகத்தில் யாரும் தேடிப் பார்க்கலாமாம். ஒவ்வொரு பூச்சியும் ஓர் ஊசியில் குத்தியிருக்கும். அதற்குக் கீழே, அதே ஊசியில், விரல்நகம் அளவுக்கு ஒரு சீட்டு. படம் எடுப்பவர் வழுக்கைத்தலை மனிதர், ‘ஃபோகஸ்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவர் எடுத்து முடித்ததும் இவள் சீட்டைப் பார்த்துத் தட்ட வேண்டும்: எங்கே கிடைத்தது, எதன் மேல், ஆணா பெண்ணா, வளர்ந்ததா வளராததா.

திங்கட்கிழமை திறந்த இழுப்பறையில் எல்லாமே கறுப்பு வண்டுகள். பூச்சி அரிக்காமலிருக்கப் போட்ட ரசகற்பூர வாடை கண்ணைக் கரித்தது. சீட்டுகளில், பிடித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வட்டம், நடுவில் ஒரு புள்ளி. கடைசி வரிசையில் நாலு ஊசிகளில் வெறும் சீட்டு, வண்டு இல்லை. நாலாவது மட்டும் கோணி ஊசிப் பருமன்.

“உதிர்ந்து போயிருக்கும்மா. சீட்டைப் பதிஞ்சுட்டு, பூச்சி இல்லைன்னு போட்டுடு,” என்றார் ஃபோகஸ்.

வேலை முடியும் நேரம். முதல் சீட்டை மட்டும் தட்டினாள். ‘ஆற்றுப் பாலம். கிழக்குத் தூண். ஆண். வளர்ந்தது.’

செவ்வாய் காலையில் அந்த ஊசியில் ஒரு வண்டு இருந்தது.

“என்னண்ணே, விளையாட்டா? இதெல்லாம் எனக்குப் பிடிக்காது, சொல்லிட்டேன்.”

“சத்தியமா நான் இல்லம்மா. சந்தேகமா இருந்தா நீயே பூட்டி சாவியை வச்சுக்கயேன்.”

விடுவாளா? இரண்டாவது சீட்டைத் தட்டினாள்: ‘பள்ளிக்கூடம். குழாயடிச் சுவர்.’ இழுப்பறையைப் பூட்டி, மூன்று தரம் இழுத்துப் பார்த்து, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்கினாள்.

புதன்கிழமை அவளே பூட்டைத் திறந்தாள்.

இரண்டாவது ஊசியிலும் வண்டு.

அதன் ஒரு கால் மெதுவாக மடங்கி நீண்டது.

‘இந்த ஆள் கள்ளச்சாவி போட்டிருக்கார். என்னைப் பைத்தியமாக்கப் பார்க்கிறார்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதைத் தட்டினாள். பழகின கை. தட்டிச் சேமித்த பிறகுதான் மனசு அதைப் படித்தது.

‘நீலக் கதவு வீடு. சிறுமியின் தலைமுடி மேல். ஆண். வளர்ந்தது.’

அவள் வீட்டுக் கதவு நீலம். போன வருஷம் அவள் கையால் அடித்த பெயின்ட். உள்ளே அவளுக்கு இருப்பது ஒரே ஒரு பெண், ஏழு வயசு. விடுமுறையென்று அப்பாவோடு வீட்டில் இருந்தாள்.

“ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தீங்க இல்ல? கதவைப் பார்த்துட்டு வந்து எழுதி வச்சிருக்கீங்க! என் பொண்ணு உங்களுக்கு என்ன செஞ்சா?” கத்தியதில் குரலே உடைந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. பூதக்கண்ணாடியைச் சீட்டின் மேல் பிடித்தார். “ஊசி போன ஓட்டையைச் சுத்தியிருக்கிற துருவைப் பாரு. காகிதத்துல இப்படி ஊறணும்னா அம்பது அறுபது வருஷம் வேணும். அப்போ நான் பிறக்கவே இல்லம்மா.”

 வீட்டுக்குப் போன் போட்டாள். மகள்தான் எடுத்தாள்.

“அம்மா, என் தலையில கறுப்புப் பூச்சி உக்காந்துச்சு! ஒருத்தர் எடுத்து விட்டாரு.”

“யாரு? அப்பாவா?”

“இல்ல. ஜன்னலுக்கு வெளியில நின்னாரு. ஊசி வச்சிருந்தாரு. என்னைக்கூட அளந்து பாத்தாரும்மா.”

செருப்பை மாட்ட மறந்து ஓடினாள். மகளுக்கு ஒன்றுமில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்,” என்றார் அவள் வீட்டுக்காரர். அவரோடு மல்லுக்கட்ட அவளிடம் தெம்பில்லை. ஒன்றை மட்டும் முடிவு செய்தாள்: பதிந்தால்தான் நடக்கிறது. நாலாவது சீட்டைப் பதியவே போவதில்லை. மகளைக் கண்ணைவிட்டு நகர விடப்போவதும் இல்லை.

வியாழக்கிழமை மகளையும் கையோடு கூட்டி வந்தாள். சீட்டை உருவிக் கிழித்துப் போட்டுவிட்டு வேலையை விட்டுவிடுவது என்று திட்டம்.

“இங்கயே உட்காரு பாப்பா. நகரக் கூடாது.”

“சரிம்மா.”

இழுப்பறையைத் திறந்தாள். மூன்றாவது ஊசியில் வண்டு வந்திருந்தது. அதன் காலில் நீளமாக ஒரு தலைமுடி சுற்றியிருந்தது. பார்க்காத மாதிரி நாலாவது ஊசிக்குக் கையை நீட்டினாள். கண் கேட்கவில்லை, படித்துவிட்டது.

‘இதே அறை. ஜன்னலோர நாற்காலி மேல். பெண். வளராதது.’

சீட்டை உருவினாள். சுக்கு நூறாகக் கிழித்தாள். பதியவில்லை, பதியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கதவைத் திறந்துகொண்டு ஃபோகஸ் இரண்டு கப் டீயோடு வந்தார்.

“இன்னும் கோவமா? நேத்து பாதியில ஓடிட்டியே, பாவம்னு பட்டுது. படம்தான் திங்கக்கிழமையே எடுத்திருந்தேனே. அதைப் பார்த்துக் கடைசிச் சீட்டை நானே பதிஞ்சு விட்டுட்டேன்.”

அவள் மெல்லத் திரும்பினாள்.

மகளை அவளே உட்கார வைத்த நாற்காலி ஜன்னலோரம் இருந்தது.

மகள் அதில்தான் இருந்தாள். முதுகு விறைத்து, கை இரண்டும் விலாவோடு ஒட்டி, கண் கொட்டாமல். பக்கத்தில் யாரும் இல்லை. ரசகற்பூர வாடை மட்டும் அங்கே கமறிக்கொண்டு வந்தது.

“அம்மா...” உதடு அசையாமல் குரல் வந்தது. “ஆடாம இருக்கச் சொல்றாரும்மா.”