வழியனுப்பாத கூட்டம்

அன்று மாலை தேநீர்க் குடிலில் இருந்தவர்கள் ஐந்து பேர். பயிற்சி நடத்தும் சுந்தரராமன் வாசலோரம் முக்காலியில். அவருக்கு நேர் எதிரே, முதல் பாயில், மில்ட்ரெட். அவளுக்குப் பின்னால், பாங்க்கில் வேலை பார்க்கும் பத்ரிநாத். சுவரோரம் சத்தியவதி. கடைசியாக வந்த டோரீன், குளத்தைப் பார்த்த மூலையில். சத்தியவதிக்கும் டோரீனுக்கும் நடுவே மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். தலையில் கூரை ஒழுகுகிறதென்று பத்ரிநாத் அங்கே நகர்ந்தபோது, டோரீன் பாயின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இங்க ஆள் இருக்கு அங்கிள்."

பத்ரிநாத் சிரித்துக்கொண்டே ஒழுகும் இடத்துக்கே திரும்பினார். மில்ட்ரெட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று முளைத்தவளுக்கு இடம் பிடித்துவைக்கிற திமிரைப் பார் என்று நினைத்தாள்.

அந்த மராத்தி ஊரில், கண்டோன்மென்ட்டை ஒட்டி ஓர் அறக்கட்டளை போட்டிருந்த ஜப்பானியத் தோட்டம் அது. மழைக்காலம் முடிந்ததும் திறப்பு. சம்பளமில்லாமல் வழிகாட்ட வந்த தமிழ்க்காரர்கள் இந்த நால்வர். இவர்களில் ஒருவர்தான் திறப்பு நாளில் முதல் கூட்டத்தை அழைத்துப் போவார். அந்த ஒருவர் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று மில்ட்ரெட் ராத்தூக்கத்தை விட்டிருந்தாள். அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்கு நாற்காலி போடுவது அவள், மேடையில் பேசுவது வேறு யாராவது. இங்கே அப்படி விடுவதாக இல்லை. கல்லும் பாசியும் மூங்கிலும் பேர்பேராக அவள் நாக்கில் இருந்தன. லோஹேகாவ் விமானப்படை குமாஸ்தாவின் பெண்டாட்டி டோரீனோ, கல்விளக்கைக்கூட 'அந்த லாம்ப்' என்பாள்.

பயிற்சி என்றால், ஆளில்லாத பாதையில், எதிரே ஒரு கூட்டம் வருவதாக வைத்துக்கொண்டு, அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசியபடி பின்னோக்கி நடப்பது. சுந்தரராமனுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கற்பனைக் கூட்டமானாலும் வாசல்வரை கொண்டுவந்து, குனிந்து வணங்கி, வழியனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம்.

"பாதில விட்டுட்டுப் போனா பழக்கம் கெட்டுடும்மா," என்பார்.

மழை விட்டிருந்தது. ஈரப்பாசியின் வாசனை தொண்டைவரை இறங்கியது. குளத்தில் தவளைகள் ஒன்றையொன்று கூப்பிட்டு ஓய, மூங்கில் குழாயில் நிரம்பிய நீர் கவிழ்ந்து, குழாய் கல்லில் தட்டும் ஓசை மட்டும் விட்டுவிட்டுக் கேட்க, டோரீன் கூழாங்கல் பாதையில் பின்னோக்கி நடந்தாள். பாலத்தருகே நின்றாள். பின்தங்கிய யாருக்காகவோ காத்திருந்தாள். அவள் பார்வை ஒரு குழந்தையின் உயரத்துக்குத் தாழ்ந்தது, பிறகு எழுந்தது. வழுக்கும் படியில் கை நீட்டினாள். நீட்டிய கை பாரம் ஏறியதுபோல் தாழ்ந்தது.

"பேஷ். இதான் வழிகாட்டறது," என்றார் சுந்தரராமன். "திறப்பன்னிக்கு டோரீனே பண்ணட்டும்."

மில்ட்ரெட்டுக்குத் தான் எழுந்ததே தெரியவில்லை. பாதையில் இறங்கி, வகுப்பில் தட்டுவதுபோல் கை தட்டினாள்.

"போதும். மிச்சத்த நான் காட்டறேன். எல்லாரும் எம்பின்னால வாங்க."

டோரீன் அப்படியே நின்றாள். அவள் கண்கள் பாதையிலிருந்து மெல்ல நகர்ந்து, மில்ட்ரெட்டின் முதுகுப்பக்கம் போய் நின்றன.

"அக்கா, கூப்பிடாதீங்க. அவங்க நெஜமா வர்றாங்க."

குத்திக்காட்டுகிறாள் என்றே மில்ட்ரெட் எடுத்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி, பின்னால் பார்க்காமல், அருவிவரை நடந்தாள். ஒரு பேர் பிசகாமல் சொன்னாள். பின்னால் கூழாங்கற்கள் நெரிபட்டன. பத்ரிநாத் வருகிறார், சத்தியவதி வருகிறாள், வரட்டும், கேட்கட்டும். மூங்கில் வேலியருகே திரும்பினாள்.

நால்வரும் குளத்தின் அக்கரையில், குடில் வாசலில் நின்றார்கள்.

கூழாங்கல் சத்தம் அவள் நின்ற பிறகுதான் நின்றது.

பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினாள். வணங்கவில்லை. வழியனுப்பவில்லை. சாங்வி பஸ்ஸில் நெரிசல். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் தொங்கினார்கள். அவளுக்குப் பக்கத்து இடம் மட்டும் காலி. கூடையோடு ஏறிய ஒரு மராத்திக்காரி உட்காரக் குனிந்தவள், இருக்கையைப் பார்த்துவிட்டு, "மாஃப் கரா," என்று மன்னிப்புக் கேட்டு விலகிப் போனாள்.

வீட்டில் கரண்ட் இல்லை. அவள் கணவன் ஐசக் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்து இருட்டில் உட்கார்ந்திருந்தான்.

"ஏட்டி, இந்த நேரத்துல யார கூட்டிட்டு வந்திருக்க? ஸ்கூல் பிள்ளைங்களா?"

மில்ட்ரெட் மெழுகுவத்தியோடு சமையலறைக்குப் போனாள். சிமெண்ட் தரையில் கூழாங்கல் நெரிந்தது. நின்றாள். நின்றது. பாசி வாசனை. ஈரம். கழுத்தருகே, பொறுமையாக, பல மூச்சுகள்.

காத்திருந்தன.

"இது... இது எங்க அடுப்படி," என்றாள். குரல் யாருடையதோ போல் இருந்தது. மூச்சுகள் அடங்கின. பேச்சை நிறுத்தினாள். ஓர் அடி நெருங்கின. பானையைக் காட்டினாள். அலமாரியைக் காட்டினாள். சொல்வதற்குப் பொருள் தீர்ந்துகொண்டே வந்தது. கதவருகே குனிந்து வணங்கி, போய் வாருங்கள் என்றாள். ஒன்றும் அசையவில்லை. அவள் வாசல் அவர்களுக்கு வாசல் இல்லை.

வாய் ஓயாமல் அரிசி டின்னையும் காலண்டரையும் விளக்கிக்கொண்டே காகிதத்தை இழுத்தாள். டோரீனுக்கு எழுதினாள். 'திறப்பு நாள் உனக்கே. உன் ஆட்களை வந்து அழைத்துக்கொண்டு போ.' அப்போதும் 'உன் ஆட்களை' என்ற இடத்தில் பேனா தயங்கியது. இத்தனை வருஷத்தில் யாரும் அவள் பேச்சை இப்படிக் காதுகொடுத்துக் கேட்டதில்லை. புறங்கையில் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விழுந்தது. எழுதி முடித்தாள். உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள். நாக்கில் பாசி கரித்தது.

"இப்பவே டோரீன் வீட்டுல குடுத்துட்டு வாங்க."

ஐசக் முணுமுணுத்தபடி சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தான். திறந்தவன், நிலைப்படியில் ஒருக்களித்து, வயிற்றை எக்கி ஒதுங்கினான்.

"வாங்க, வாங்க. உள்ளதான் இருக்கா."

பிறகு கடிதத்தோடு, யார் மேலும் இடிக்காமல், தோளைக் குறுக்கிக்கொண்டு படியிறங்கினான். ஸ்கூட்டர் கிளம்பியது. மில்ட்ரெட் மெழுகுவத்தியை உயர்த்தினாள். திறந்த கதவில் தொடங்கி மாடிப்படி நெடுக, தெருவரைக்கும், ஈரம் சொட்டும் தலைகள். எல்லாம் அவள் வாயைப் பார்த்தபடி.