பதினைந்தாம் எண்

அந்தக் குப்பியில் வாடையே இல்லை.

மூடியைத் திருகும்போதே மூச்சை அடக்கிக்கொள்வது அவளுக்குப் பழகிப்போன ஒன்று. பதினோரு வருடமாகச் சிறுத்தையின் எச்சத்தைக் கரைத்து, வடிகட்டி, அதிலிருந்து டி.என்.ஏ. எடுப்பதுதான் அவள் பிழைப்பு. முகமூடி போட்டாலும், கையுறையைக் கழற்றி மூன்று முறை சோப்புப் போட்டாலும், மாலையில் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர் நாசூக்காக முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு அந்த நெடி வீடு வரைக்கும் கூடவே வரும். “நீ வர்றதுக்கு முன்னாடி உன் மணம் லிஃப்ட்ல வந்துடுச்சு” என்று அம்மா கதவைத் திறப்பாள். ஆனால் இந்தக் குப்பியில் ஒன்றுமில்லை. மயிர் தெரிந்தது, எலும்புத் துணுக்கு தெரிந்தது, ஈரம்கூட மினுங்கியது. மூக்குக்கு மட்டும், கழுவிக் கவிழ்த்து வைத்த கண்ணாடித் தம்ளரை முகர்ந்தது போல வெறும் காற்று.

ஜலதோஷமோ என்று பக்கத்துக் குப்பியைத் திறந்தாள். வழக்கமான நெடி முகத்தில் அறைந்தது. சட்டென்று மூடினாள்.

இரண்டுமே ஒரே காட்டிலிருந்து, ஒரே பார்சலில் வந்தவை. நெடுஞ்சாலை ஒருபக்கம், ரயில் பாதை ஒருபக்கம், அணை ஒருபக்கம் என்று சுற்றிலும் மறிக்கப்பட்டுத் தீவாகிப்போன மலைக்காடு அது. அவள் தம்பி அங்கே முகாமில் தங்கி, ஓடையோரத் தடங்களில் நடந்து எச்சங்களைப் பொறுக்கி, வாரம் ஒருமுறை பார்சல் போடுவான். அவள் அவற்றைப் படித்து, இது ஆறாம் எண், இது ஒன்பதாம் எண், யாருக்கு யார் பிள்ளை என்று சொல்வாள். அந்தக் காட்டில் மொத்தம் பதினான்கு சிறுத்தைகள். பதினான்கும் ஒன்றுக்கொன்று அண்ணன் தங்கை, மாமன் மருமகள். வெளியிலிருந்து புது ரத்தம் வர வழியில்லாமல், வால் முறுக்கிய குட்டிகளும் செத்துப் பிறக்கும் குட்டிகளுமாக வம்சம் தேய்ந்துகொண்டே வந்தது. வேறு காட்டிலிருந்து, இவற்றோடு சொந்தமில்லாத ஆண் சிறுத்தை ஒன்றைப் பிடித்து வந்து விடவேண்டும் என்று இரண்டு வருடமாகக் கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. எந்தச் சிறுத்தை பொருந்தும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

வாடையில்லாத குப்பியின் முடிவு இரண்டு நாளில் வந்தது. பதினான்கில் எதுவுமில்லை. எதற்கும் தூரத்துச் சொந்தம்கூட இல்லாத புது ஆண்.

ஆய்வக இயக்குநர் தன் அறையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்தது அவருக்கு. “நாம தேடிப் போறதுக்குள்ள மாப்பிள்ளையே வீடு தேடி வந்துட்டாரு பாத்தியாம்மா! பதினஞ்சுன்னு எழுதிக்கோ.” அன்று முதல் ஆய்வகத்தில் அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர் நிலைத்தது. கூண்டு வாங்கும் வேலை நிறுத்தப்பட்டது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அவளும் சிரித்தாள். வாடை விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிண்டல்தான் மிஞ்சும்.

மூன்று வாரம் கழித்து இன்னொரு குப்பி வந்தது. அதிலும் வாடையில்லை. இம்முறை அதன் மரபணு வரைபடம் குழம்பியிருந்தது. எந்த உயிரை எடுத்தாலும் மரபணுவின் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு அடையாளங்கள்தான் இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இதில் நான்கு இருந்தன. இரண்டு மாப்பிள்ளையுடையவை. மற்ற இரண்டு ஆறாம் எண்ணுடையவை.

“அடிச்சுத் தின்னிருக்கும். சிறுத்தையைச் சிறுத்தை கொல்றது என்ன புதுசா?” என்றார் இயக்குநர்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். அதற்குப்பின் ஆறாம் எண்ணின் எச்சம் வரவேயில்லை. அடுத்த மாதம் ஒன்பதாம் எண்ணும் நின்றுபோனது. மாப்பிள்ளையின் குப்பியில் இப்போது ஆறு அடையாளங்கள்.

அன்று ஆய்வகத்தில் குளிர்பெட்டிகளின் உறுமல் ஒரு சேர நின்று, ஒரு சேரத் தொடங்கியது போலிருந்தது அவளுக்கு. கண்ணாடி ஜன்னலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் கழுத்தின் பின்புறம் மட்டும் சில்லிட்டது. தின்ற இரையின் டி.என்.ஏ. சிதைந்து, கந்தலாகி, வரைபடத்தில் சின்னச் சின்னப் புடைப்பாகத்தான் தெரியும். நாலைந்து நாளில் அதுவும் போய்விடும். ஆறாம் எண் காணாமல்போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அதன் கோடுகள் மாப்பிள்ளையின் கோடுகளுக்குச் சமமாக, அதே உயரத்தில், உயிரோடிருக்கும் விலங்கின் கோடுகளைப் போல எழுந்து நின்றன.

“சாப்பிட்டது வெளிய போகணும் சார். இது போகல. உள்ளயே வெச்சுக்குது” என்றாள்.

“மெஷினை ஒருதரம் சர்வீஸ் பண்ணச் சொல்லும்மா” என்றார் அவர். முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரப் பார்சலில் ஒரே ஒரு குப்பிதான் இருந்தது. சீட்டில் தம்பியின் உருண்டை எழுத்து இல்லை. முகாமின் காவலர் கோணல்மாணலாகத் தேதி எழுதியிருந்தார். ஏன் என்பது சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தெரிந்துவிட்டது. தம்பி கூடத்தில் உட்கார்ந்திருந்தான். திடீர் லீவாம். பை இல்லை, செருப்பில்லை. யாருடையதோ ஒரு தொளதொளச் சட்டை.

“காட்டுல பட்டினி போட்டுட்டாங்க போலிருக்குடி. மூணாவது தடவையா தட்டைக் காலி பண்ணிட்டான்” என்றாள் அம்மா. தட்டில் பாதியை மிச்சம் வைத்து எழுந்துபோகிற பிள்ளை கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதில் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவள் எதிரே உட்கார்ந்தாள். “என்னடா, ஒரு போன் பண்ணக்கூடாதா?”

“பசிக்குதுக்கா” என்றான்.

அவன் மெல்லும் சத்தம் கேட்கவில்லை. வாய் அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது, தட்டு காலியானது. தலைக்குமேல் மின்விசிறி கிரீச்சிடுவது கேட்டது, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ சிரிப்பது கேட்டது. அவனிடமிருந்து மட்டும் எந்த ஒலியும் வரவில்லை. பேச்சுக்கொடுக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

“பதினஞ்சை நேர்ல பாத்தியாடா? தனியாதான் சுத்துதா?”

“தனியா இல்லக்கா.” மெதுவாக நிமிர்ந்தான். “ஆறு கூட இருக்கு. ஒன்பது கூட இருக்கு. எல்லாம் நல்லா இருக்கு.”

ஆறும் ஒன்பதும் காணாமல்போனதை அவள் அவனிடம் சொன்னதில்லை. இயக்குநர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

இரண்டு நாள் அவன் வீட்டைவிட்டு நகரவில்லை. அம்மா சமையலறைக்குப் போனால் அதன் வாசலில் போய் உட்கார்வான். அம்மா துணி மடித்தால் அருகில் உட்கார்ந்து அவள் கைகளையே பார்ப்பான். “கைக்குழந்தையா இருந்தப்பகூட இப்படி ஒட்டிக்கிட்டதில்ல” என்று அம்மா பூரித்துப்போனாள்.

மூன்றாம் நாள், பகல் பன்னிரண்டரைக்குக் குப்பியின் முடிவு வந்தது.

இப்போது எட்டு. ஆனால் புதிய இரண்டும் சிறுத்தையின் அடையாளங்கள் அல்ல. சிறுத்தைக்கான சோதனை அவற்றை இன்னதென்று சொல்ல முடியாமல் திணறியிருந்தது. ஆய்வகத்தில் இதற்கொரு வழி உண்டு. குப்பியைத் தொடுகிற ஒவ்வொருவரின் டி.என்.ஏ.வும் கணினியில் இருக்கும். யாராவது தும்மிவிட்டாலோ, வெறுங்கையால் தொட்டுவிட்டாலோ உடனே பிடித்துவிடலாம். மனிதருக்கான சோதனையை ஓட்டினாள். பொருத்தம் உடனே திரையில் வந்தது.

தம்பி.

கையுறை போடாமல் எடுத்திருப்பான், சோம்பேறி. அதுதான் முதலில் தோன்றியது. கோபம்கூட வந்தது. அப்புறம்தான் கோடுகளின் உயரத்தைப் பார்த்தாள். கைபட்ட கறை இவ்வளவு உயரம் ஏறாது. தம்பியின் கோடுகள் மாப்பிள்ளையின் கோடுகளுக்குச் சமமாக நின்றன. ஆறுக்கும் சமமாக. ஒன்பதுக்கும் சமமாக. தோளோடு தோளாக.

இதை எடுத்தது அவனே இல்லை. காவலர்.

முகாமுக்குப் போன் போட்டாள். நான்கு முறை அறுந்து, ஐந்தாவது முறை காவலர் எடுத்தார்.

“தம்பி எப்ப மலையிலிருந்து இறங்கினான்ணே?”

“மேடம்...” அவர் குரல் உடைந்தது. “சொல்லாம ஊருக்குப் போயிட்டார்னுதான் நினைச்சிருந்தோம். டைரக்டர் சார் இன்னும் சொல்லலையா? காலையிலயே அவருக்குச் சொல்லிட்டேனே. நேர்ல வந்து உங்ககிட்ட சொல்றேன்னாரே.”

“என்ன சொல்லணும்? அவன் எங்க வீட்ல இருக்கான். மூணு நாளா இருக்கான்.”

மறுமுனையில் காற்று இரைந்தது. யாரோ பின்னாலிருந்து என்ன என்று கேட்டார்கள்.

“மேடம், அப்போ... ஓடையில கிடைச்ச கை யாரோடது? தம்பியோட வாட்ச் கட்டியிருக்கே.”

அவள் போனை வைத்தாள். தாழ்வாரத்தின் கோடியில் இயக்குநரின் அறைக் கதவு காலையிலிருந்து சாத்தியே இருந்தது. தள்ளித் திறந்தாள். மேசைமேல் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தவர் பதறி எழுந்தார். “உக்காரும்மா. எப்படிச் சொல்றதுன்னு...”

“போலீஸை என் வீட்டுக்கு அனுப்புங்க. இப்பவே.”

படியில் இறங்கிக்கொண்டே அம்மாவை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“என்னடி, இந்த நேரத்துல?”

“அவன் எங்கம்மா?”

“இங்கதான், எதிர்ல. சாப்பிட்டுட்டு என்னையே பாத்துட்டு உக்காந்திருக்கான்.”

“நான் சொல்றதைக் கேளு. பால் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வெளிய வா. படியில இறங்கு. கீழ நாலு பேர் இருக்கிற இடத்துல நில்லு.”

“பால் இருக்கேடி.”

“அம்மா!”

“சரி சரி, ஏன் கத்தறே? போறேன்.” நாற்காலி நகர்ந்தது. பிறகு போனிலிருந்து சற்றே விலகிய குரல்: “என்னடா, நீ ஏன் எழுந்துட்ட? இன்னும் பசிக்குதா?”

அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. அலறல் இல்லை. எதுவும் விழவில்லை. இணைப்பும் அறவில்லை. அவள் நடுத்தெருவில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள். வாகனங்கள் ஹாரன் அடித்தன. ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடம்.

“ஒண்ணுமில்ல கண்ணு. நீ வீட்டுக்கு வா.”

அம்மா குரல்தான். நிதானமாக, கனிவாக. டாக்ஸியில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அம்மா பேசினாளே, அம்மா நன்றாகத்தானே இருக்கிறாள் என்று வழி நெடுக வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

கட்டடத்தின் வாசலில் அம்மா இல்லை. போலீஸும் இன்னும் வரவில்லை. காத்திருக்கத்தான் நினைத்தாள். கால்கள் படியேறிவிட்டன.

மூன்றாம் மாடி. கதவு திறந்திருந்தது. கூடத்தில் வெயில் சதுரமாக விழுந்து கிடந்தது. மடித்த துணிகள். ஒரு நாற்காலி, சற்றே பின்னுக்குத் தள்ளியபடி.

“அம்மா?”

“இங்க இருக்கேன், வா.”

சமையலறையிலிருந்து. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

போனாள். அம்மாவின் மூக்குக்கண்ணாடி மேடைமேல் மடித்து வைத்திருந்தது. தரையில் ரத்தமில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. குழாயடியில் முதுகைக் காட்டியபடி அவன் நின்றான். அந்தத் தொளதொளச் சட்டை இப்போது அளவாக இருந்தது.

குழாயை மூடினான்.

திரும்பினான்.

தம்பிக்கு அப்பாவின் நீள முகம். இப்போது அப்படியே அம்மா ஜாடை. கன்னம் தளர்ந்திருந்தது. மேலுதட்டில் சுருக்கம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காதோரத்து மயிர் ஒவ்வொன்றாக வெளுத்தது.

“வந்துட்டியா கண்ணு?” அம்மாவின் குரல். “பசிக்குது.”

வாய் சிரித்தது. இடது கண் சிரித்தது.

வலது கண் சிரிக்கவில்லை. அது அம்மாவின் கண். அகலத் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. வாசலைப் பார்த்தது. மறுபடி அவளை. மறுபடி வாசலை. தண்ணீராய்க் கொட்டியது.

அவன் கை மெதுவாக மேலே வந்து, அந்த ஒரு கண்ணை மட்டும் பொத்தியது.