ஒரு சாண் தூரம்

மழையே இல்லாத மாதத்தில் ஒரு கிணற்றில் மட்டும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மற்ற நீரளவு நிலையங்களெல்லாம் ஒழுக்கமாக வற்றிக்கொண்டிருக்க, மலைக்கு அந்தப் பக்கத்து நீர்த்தேக்கத்தின் அளவுக் கிணறு மட்டும், யாரும் பார்க்காதபோது நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தும் ஆளைப் போல, திரையில் மேலே வந்துகொண்டிருந்தது.

அலுவலகத்தில் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவன் சந்தேகப்பட்டது மச்சினனைத்தான். நியாயமான சந்தேகம். பழைய அளவுகோல்களைக் கழற்றிவிட்டு வயர்லெஸ் சென்சார் மாட்டும் இந்த வேலைக்கு மச்சினனை இழுத்துவந்தவன் அவன். போன வருடம் ஏரியில் மாட்ட வேண்டிய சென்சாரை மச்சினன் வீட்டுக் குளியலறையில் வாளிக்கு மேல் தொங்கவிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான். மச்சினன் மனைவி தினமும் காலையில் அந்த வாளித் தண்ணீரில் குளித்தாள். ஏரி தினமும் காலையில் வற்றியது. தலைமை அலுவலகம் இதை ஆராயக் குழு அமைத்தது.

சென்சார் பாவம், எளிமையான பிராணி. கிணற்று மூடிக்கு அடியில் தலைகீழாகத் தொங்கும். கால் மணிக்கு ஒருமுறை விழிக்கும். கீழே ஒரு ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்புவதை வைத்து எதிரில் இருப்பது எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு, ரேடியோவில் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். தூங்கித் தூங்கியே ஒரே பேட்டரியில் பத்து வருடம் ஓட்டிவிடும். எதிரில் இருப்பது தண்ணீர்தானா என்று மட்டும் அது கேட்காது.

மச்சினனைக் காலையிலேயே மலைக்கு அனுப்பியிருந்தான். சாயங்காலம் போன் வந்தது.

"மாமா, மூடியத் தொறந்துட்டேன். தண்ணி பாதாளத்துல கெடக்கு. டார்ச் வெளிச்சமே எட்டல."

"அப்புறம் எப்படிடா மேல ஏறுதுன்னு காட்டுது?"

"அதக் கண்டுபிடிக்கத்தான ஒங்களுக்குச் சம்பளம்."

"மாப்ள, உண்மையச் சொல்லு. கிணத்துலதான் மாட்டுனியா?"

"அந்த வாளியவே இன்னும் எத்தன வருஷம் சொல்லுவீங்க? உள்ள வேற ஒரு மாதிரி வாடை அடிக்குது, ஈரக் கல்லு மாதிரி. என்ன பண்ணட்டும்?"

"சென்சாரக் கழட்டி எடுத்துட்டு வா."

சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்ப, குளிர்சாதனம் நின்றது. அது இத்தனை நேரம் மூடி மறைத்திருந்த சத்தங்களெல்லாம், குழாய்க்குள் ஏதோ இறங்குவது, கூரைத் தகடு ஒன்று நெட்டி முறிப்பது, வெளிப்பட்டன. மச்சினன் வரும்வரை பொழுது போகவில்லை என்பதால் அவன் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தான். வடிகட்டியை நீக்கிப் பார்த்தான்.

வடிகட்டி அவனே எழுதியது. திடீரென்று தாவும் அளவுகளைக் குப்பை என்று தள்ளிவிட்டு மிச்சத்தின் பல வாரச் சராசரியை மட்டும் அது காட்டும். அழகான வரைபடம் வரும். அதற்குப் பாராட்டும் வாங்கியிருந்தான்.

குப்பை இப்போது திரையில் வந்தது.

தண்ணீர் எங்கும் ஏறவில்லை. ஆழத்திலேயே கிடந்தது. ஆனால் ஒரு நாள், சென்சார் விழித்தபோது, தண்ணீருக்குச் சற்று மேலே ஏதோ இருந்தது. அடுத்த விழிப்பில் இன்னும் மேலே. நடுவில் சில நாள் அசையவே இல்லை. பிறகு மேலே. சென்சார் தூங்கும்போது மட்டும். கடைசியில் மூடிக்கு ஒரு சாண் கீழே வந்து, நின்றுவிட்டது. வாரக் கணக்காக அங்கேயே. சென்சாருக்கு நேர் எதிரே. மூடியை யாராவது திறக்கட்டும் என்று.

திறக்கச் சொன்னது அவன்.

மச்சினனுக்குப் போன் போட்டான். அணைந்திருந்தது. மறுபடி போட்டான். "என் தம்பிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்க வீட்டுப் பக்கமே வராதீங்க," என்று மனைவி காலையில் சிரித்துக்கொண்டே சொன்னது, சிரிப்பு மட்டும் இல்லாமல் நினைவுக்கு வந்தது. மறுபடி போட்டான்.

கதவு திறந்தது.

"போன்ல சார்ஜ் போச்சு மாமா. ஏன் பேயறைஞ்ச மாதிரி ஒக்காந்திருக்கீங்க?"

கட்டிப்பிடிக்கத் தோன்றியது. "லேட்டா வர்றதே பொழப்பாப் போச்சு," என்று மட்டும் சொன்னான். மச்சினன் சென்சாரை மேசையில் வைத்துவிட்டு, நீளமான மேசையின் மறு கோடி நாற்காலியில் போய்ச் சரிந்தான். அவனோடு ஈரக் கல்லின் வாடையும் வந்திருந்தது.

சென்சார் கெட்டிருக்க வேண்டும். கெட்டிருந்தால் போதும். ஒரு சிலந்தி வலை, ஒரு துளி நீர். அதன் முகத்தைத் துடைத்துக் கையில் எடுத்தான். பக்கவாட்டில் காந்தத்தை உரசினால் உடனே விழிக்கும். கூரையைப் பார்த்துப் பிடித்து உரசிவிட்டுத் திரையைப் பார்த்தான். சரியான தூரம். ஜன்னல். சரி. சுவர். சரி.

மச்சினன் பக்கம் திருப்பி உரசினான்.

ஒரு சாண்.

"என்ன காட்டுது?"

நடுவில் மேசை. மேசையில் ஒன்றும் இல்லை.

"மாமா?"

சென்சாரின் விளக்கு அணைந்தது. தூங்கிவிட்டது. அவசரமாக மறுபடி உரசினான். மேசையின் முழு நீளம். சரியான தூரம். மறுபடி. சரி.

"சரியாயிடுச்சா? அப்ப என் மேல தப்பில்லல்ல?" மச்சினன் சிரித்தான். "அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அவனுக்கும் சிரிப்பு வந்தது. மூச்சு விட்டான். விட்ட மூச்சு எதன் மேலோ பட்டு, குளிர்ந்து, முகத்துக்கே திரும்பியது.

ஈரக் கல் வாடை.

கையை முழு நீளத்துக்கும் நீட்டி, சென்சாரை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினான். காந்தத்தை உரசினான். பார்வையைத் திரைக்குக் கொண்டுபோனான்.

ஒரு சாண்.

மச்சினன் சிரிப்பை நிறுத்தியிருந்தான். அவன் பார்த்தது சென்சாரையும் இல்லை, மாமாவின் முகத்தையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தை, கீழிருந்து மேலாக, மெல்லப் பார்த்துக்கொண்டு போனான்.

விளக்கு அணைந்தது.