ஒரு கை தூரம்

மழைக்கு ஒதுங்குகிறவள் பின்பக்கமாக நடந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

குடையை மடக்கிக்கொண்டே அந்தப் புது ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையின் வாசலில் அவள் பின்னால் காலெடுத்து வைக்க, அறிவிப்புப் பலகையை நனையாமல் எடுத்துப் போக ஒருவன் உள்ளேயிருந்து வர… குடைக்கம்பி ஒன்று அவனுடைய வெள்ளை மேலங்கிப் பையில் வசமாக மாட்டிக்கொண்டது. அவள் இழுத்தாள். அவனும் கூடவே வந்தான்.

"கொஞ்சம் பொறுங்க… இழுத்தா நானும் சேர்ந்துதான் வரணும்."

"ஐயோ, சாரி! பின்னாடி ஆள் இருக்கறது தெரியல."

"பரவாயில்லங்க. கடை தொறந்ததுலேருந்து ஒருத்தரும் உள்ள வரல. நீங்களாவது குத்திட்டு வந்தீங்களே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். பேசுவதைவிடக் கேட்பதில் ஆசை உள்ள கண்கள்… இமையில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கண்களைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர்வரிசையில் நாலு கடை தள்ளி இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில்தான் வேலை. நாள் முழுக்க மனிதர்களின் முகத்தைப் பார்த்து ஃப்ரேம் பொருத்துகிறவள்.

"உள்ள வந்து உக்காருங்க. மழை விட்டதும் போகலாம். சாப்பிட்டே ஆகணும்னு இல்ல."

சும்மா உட்கார்ந்துவிட்டுப் போக அவளுடைய ரோஷம் இடம் கொடுக்கவில்லை. "சாப்பிடத்தான் வந்தேன்" என்றாள்.

நீளமான மரமேடை. அதன் முன்னால் ஒற்றை வரிசையில் நாற்காலிகள். மேடைக்கு அந்தப் பக்கம் அவன். கல்லாவில் அவனுடைய அக்கா. ஆறிக்கொண்டிருந்த சோற்றிலிருந்து வினிகரின் இனிப்பும் புளிப்புமான வாசனை வந்தது.

"பச்சை மீனாமே… நெஜமாவா?"

அக்கா முந்திக்கொண்டாள். "இந்தத் தெருவுல எல்லாரும் கேக்கறது இதைத்தாம்மா. கேட்டுட்டு நேரா பஸ் ஏறிடறாங்க."

"முட்டையிலேருந்து ஆரம்பிங்க" என்றான் அவன். "மீன்கூட அப்புறம் மெதுவா சிநேகம் ஆயிக்கலாம்."

"கடிக்காதே?"

"மீன் கடிக்காது. ஓரத்துல பச்சையா ஒரு காரம் வெப்பேன், அதுதான் கடிக்கும். அதுகிட்ட மட்டும் ஜாக்கிரதை."

சோற்றை உள்ளங்கையில் எடுத்து, குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல மெல்ல அழுத்தி, மேலே முட்டைத் துண்டைப் படுக்கவைத்து, கருப்புத் தட்டில் சற்றே சாய்வாக வைத்தான். "கையாலேயே எடுத்துச் சாப்பிடலாங்க."

அவள் இடக்கையை நீட்டினாள். வலக்கை மடியில், கைப்பைக்கு அடியில் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். துண்டு வலப்பக்கமாகச் சாய்ந்திருந்ததால் மணிக்கட்டை முறுக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வாயில் போட்டதும் இளஞ்சூட்டோடு கரைந்தது… அடடா!

அடுத்தது மீன். தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள். இந்தத் தடவை மணிக்கட்டை முறுக்க வேண்டியிருக்கவில்லை. துண்டு தானாகவே விரல்களுக்குள் வந்து உட்கார்ந்தது. குனிந்து பார்த்தாள். அது இடப்பக்கமாகத் திரும்பியிருந்தது. சூப் கிண்ணமும் கைதுடைக்கும் துணியும்கூட இடப்பக்கம் வந்திருந்தன. எப்போது நகர்த்தினான்?

மீன் இனித்தது. ஆனால் அடுத்த துண்டை அவள் தொடவில்லை.

ஸ்கூட்டர் வழுக்கி விழுந்ததில் வலக்கையின் இரண்டு விரல்கள் மடங்காமலே நின்றுவிட்டன. கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம் அது. மாப்பிள்ளை வீட்டார் பழக்கூடையோடு பார்க்க வந்தார்கள். "பாவம்… சின்ன வயசு" என்றார்கள். பாவம் பார்த்துவிட்டுப் போனவர்கள் அப்புறம் வரவே இல்லை. அவள் இடக்கையால் எழுதப் பழகினாள். கண்ணாடியின் கடுகளவு திருகாணியை முடுக்கப் பழகினாள். அம்மா மட்டும் இன்றுவரை தினமும் காலையில் கண்ணை மூடி அந்த இரண்டு விரல்களுக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள். மகள் வேண்டிக்கொள்வதை எப்போதோ நிறுத்திவிட்டாள். பாவம் என்ற சொல்லை மட்டும் இனி யாரிடமும் வாங்கிக்கொள்வதில்லை என்று ஒரு வைராக்கியம்.

"எதுக்குத் திருப்பி வெச்சீங்க?"

"எதை?"

"இதை. என் கையைப் பாத்தீங்க… அதானே?"

அவன் மழுப்பவில்லை. "ஆமாங்க, பாத்தேன்."

"பாவமா இருந்துச்சா?"

அவன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. ஒரு வார்த்தை வரவில்லை.

அந்த மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான் அவளுக்குத் தெரியும். தட்டில் பாதி மீதியிருக்க, கல்லாவில் பணத்தை வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியேறினாள். பாதித் தெருவில்தான் குடை நினைவு வந்தது. திரும்பிப் போகலாம்தான்… வேண்டாம். உடம்புதானே நனைகிறது, நனையட்டும்.

"குடை எங்க?" வீட்டில் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே அண்ணி கேட்டாள்.

"மீன்கடையில."

"மீனுக்கு எதுக்குடி குடை?"

"அண்ணி… நானே கடுப்புல இருக்கேன்!"

நடந்ததை எல்லாம் கொட்டினாள். அண்ணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"தட்டைத் திருப்பி வெச்சதுக்கா இவ்வளவு கோவம்? உங்கண்ணன் கல்யாணமான நாள்லேருந்து எனக்கு ஒரு தண்ணி டம்ளரைக்கூடத் திருப்பி வெச்சதில்ல. அந்தக் கடை எங்க இருக்கு சொல்லு, நான் போயி உக்கார்றேன்."

சிரிக்காமல் இருக்க அவள் பெரும்பாடுபட்டாள்.

ஆனால் மறுநாளிலிருந்து வேறொரு எரிச்சல் சேர்ந்துகொண்டது. வேலை முடிந்து எதிர்நடைபாதையில் அவள் போகும்போதெல்லாம் அவன் கடை வாசலில் நிற்பான். நேராக அவளைத்தான் பார்ப்பான். முகத்தில் ஒரு சலனம் இருக்காது. சுவரைப் பார்க்கிற மாதிரி… பலகையைப் பார்க்கிற மாதிரி… அவளுடைய மஞ்சள் குடை வேறு ஊருக்கே தெரியும்படி வாசல் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

'பாத்தும் பாக்காத மாதிரி ஒரு பார்வை! என்ன திமிர்!'

திமிர்பிடித்தவனாகவே இருக்கட்டும். அந்த வாசலுக்கு எதிரே வரும்போது மட்டும் என் கால்கள் ஏன் மெதுவாகின்றன?

மறுபடியும் ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குடையைக் கேட்டு வாங்கிவிட்டு மறுபேச்சில்லாமல் வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு தெருவைக் கடந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தாள்.

இப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். பஸ் டிரைவர் சீருடையில் மலைபோல ஒருவர், வலக்கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டே இடக்கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டிலிருந்த துண்டு இடப்பக்கமாகத் திரும்பியிருந்தது. அவருடைய சூப் கிண்ணமும் இடப்பக்கம்தான். அவருக்கு அடுத்து ஒரு சின்னப் பெண். அவளுக்கு எல்லாமே பாதி அளவில், ஒரு வாய்க்கு அடங்குகிறபடி.

அந்த டிரைவரைப் பார்த்து யாருக்காவது பாவம் என்று தோன்றுமா?

அவளுக்கு முகம் சூடேறியது. அவன் தன் முன்னால் உட்கார்கிற ஒவ்வொருவரையும் அப்படித்தான் பார்க்கிறான். அவள் கையையும் அப்படித்தான் பார்த்திருக்கிறான். குறையாக அல்ல, கையாக.

அப்போது அவன் தலை நிமிர்ந்து வாசலைப் பார்த்தான். அவன் புருவங்கள் நெருங்கின. இமைகள் சுருங்கின. தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது…

இந்தப் பார்வையை எங்கோ… எங்கோ என்ன, தினமும் பார்க்கிறாளே! கண் சோதிக்க முதல் தடவை வருகிறவர்கள் சுவரிலிருக்கும் எழுத்துகளைப் பார்க்கிற பார்வை. கடவுளே… இவனுக்குத் தூரம் தெரியவில்லை!

எதிர்நடைபாதையில் நடந்தவள் அவனுக்கு ஒரு மங்கலான நிறம், அவ்வளவுதான். அவன் ஒரே பார்வையில் என் கையைக் கண்டுகொண்டான். கண்ணையே தொழிலாக வைத்திருக்கிற நான், ரோஷத்தில் அவன் கண்ணைப் பார்க்கவே இல்லையே.

கதவைத் தள்ளிக்கொண்டு போய் மேடையருகே நின்றாள். ஒரு கை தூரம் வந்ததும்தான் அவன் முகம் மாறியது. விளக்குப் போட்டதுபோல.

"நீங்களா!"

"நான்தான். தினமும் எதிர்ல போறேன். தினமும் என்னைப் பாத்துட்டு நிக்கறீங்க."

"எதிர்லயா?" அவன் திகைத்தான். "நீங்க வருவீங்கன்னுதாங்க வாசல்லயே நின்னேன். மஞ்சள் குடைன்னா நீங்களே பாத்து வருவீங்கன்னு வெளியில மாட்டினேன்."

"உங்களுக்குத் தூரம் தெரியலைன்னு யாருமே சொன்னதில்லையா?"

"எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனச்சேன். என் வேலையெல்லாம் இந்த ஒரு கை தூரத்துல முடிஞ்சுடுது. அதுக்கு மேல பாக்கற அவசியம் வந்ததில்ல." சற்று நிறுத்தினான். "இப்பதான் வந்திருக்கு."

கல்லாவிலிருந்து அக்கா இருமினாள்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு கணம் யோசித்தாள். பிறகு கைப்பைக்கு அடியிலிருந்த வலக்கையை எடுத்து மேடைமேல் வைத்தாள். மடங்காத இரண்டு விரல்களோடு, எல்லோரும் பார்க்கும்படி. மனம் லேசாக இருந்தது.

"அன்னிக்கு நான் கேட்டேனே… பாவமான்னு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவன் காது சிவந்தது. டிரைவர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சின்னப் பெண்ணும் பார்த்தாள்.

"அதை… இங்க வெச்சு சொல்ல முடியாதுங்க."

"அப்ப எங்க கடைக்கு வாங்க. கண்ணாடியும் போட்டுக்கலாம்."

வந்தான். கண்ணைச் சோதித்தார்கள், லென்ஸ் தயாராகிற நாளும் வந்தது. அவனை எதிரே உட்காரவைத்து, புதுக் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து அவன் காதுகளில் பொருத்தினாள். வலப்பக்கம் சற்றே இறங்கியிருந்தது. கழற்றி, இடக்கையால் திருகாணியை ஒரு முடுக்கு முடுக்கி, மறுபடி மாட்டினாள். அவன் முகத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் கை போவது இதுதான் முதல் தடவை. சரியாக உட்கார்ந்துவிட்ட கண்ணாடியை இன்னொரு தடவை சரிசெய்தாள்.

"எப்படித் தெரியுது?"

அவன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். மழையில் கழுவிவிட்ட தெரு. மரத்தில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக. அப்புறம் சட்டென்று எழுந்துவிட்டான்.

"எங்க கடை பேர்ப்பலகை கோணலாவா இருக்கு?"

"தொறந்த நாள்லேருந்து."

"சொல்லவே இல்லையே!"

"பாவம்னு விட்டுட்டேன்."

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து எப்படி வந்தது? இத்தனை நாள் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்த சொல்! இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் அவன் உட்கார்ந்தான்.

"அன்னிக்குக் கேட்டீங்களே… எங்க வேலையில முதல்ல கையைத்தான் பாப்போம். யார் எந்தக் கையில எடுக்கறாங்களோ அந்தப் பக்கம் திருப்பி வெப்போம். அதைச் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். ஆனா கோவத்துல நீங்க முகத்தை நிமிர்த்தினீங்க… அப்ப மனசுல இருந்தது பாவம் இல்லைங்க. அது என்னன்னு எனக்கே புரியறதுக்குள்ள நீங்க போயிட்டீங்க."

அவளுக்குக் கண் நிறைந்தது.

"இது வரைக்கும் ஒரு கை தூரத்துல வந்தாத்தான் உங்களைத் தெரிஞ்சுது. இனிமே எவ்வளவு தூரத்துல நின்னாலும் தெரியும்." அவன் குரல் இறங்கியது. "ஆனா… தூரத்துல நிக்காதீங்களேன்."

இந்நேரம் அம்மா வீட்டில் வேண்டிக்கொண்டிருப்பாளோ என்னவோ. அம்மா கேட்டது இரண்டு விரல்கள் மடங்க வேண்டும் என்று. கொடுக்கிறவன் எப்போதும் கேட்டதையே கொடுப்பதில்லை. சில சமயம் ஒரு தட்டைக் கொஞ்சம் திருப்பி வைக்கிறான், அவ்வளவுதான்.

அவள் வலக்கையை நீட்டினாள். அவன் அதைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டான், சோற்றை எடுக்கிற அதே மென்மையோடு. மடங்காத விரல்கள் அப்படியே நீண்டிருந்தன. அவனுடைய விரல்கள் அவற்றைச் சுற்றி மடங்கின.